8×6 அடி ஃப்ளெக்ஸ் டிசைன்: லேப்டாப் உறைஞ்சு நிக்குது

கேள்வி:
4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். 8×6 அடி ஃப்ளெக்ஸ், 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), சிஎம்ஒய்கே (பிரிண்டுக்கான நாலு மை நிற முறை). மூணாவது லேயர் (அடுக்கு) வந்ததும் போட்டோஷாப் 'நாட் ரெஸ்பாண்டிங்'. ரேம் கூட்டினா சரியாகுமா?

பதில் 1:
முதல்ல ஃபைலைக் குறைங்க. 300 டிபிஐயில் இது 28,800×21,600 பிக்சல். படம் நிறைஞ்ச ஒரே லேயர் சுமார் 2.5 ஜிபி தின்னும். 72 டிபிஐன்னா 143 எம்பிதான். தள்ளி நின்னு பார்க்கிற ஃப்ளெக்ஸுக்கு அது தாராளம். இமேஜ் சைஸில் 'ரீசாம்பிள்' (பிக்சல் எண்ணிக்கையை மாத்தறது) டிக் இருக்கணும். இல்லேன்னா பிக்சல் ஒண்ணுகூடக் குறையாது, அடிக்கணக்குதான் ஊதிப்போகும்.

பதில் 2:
டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% காட்டுதா? அப்போ ரேம் தீர்ந்து, ஸ்க்ராட்ச் ஃபைலை (ரேம்ல இடமில்லாததை வைக்கிற தற்காலிக ஃபைல்) ஹார்டு டிஸ்க்கில் எழுதிட்டிருக்கு. அந்த நேரத்துல கிளிக் பண்ணிக்கிட்டே இருக்காதீங்க. பிரிஃபரன்சஸ், பெர்ஃபார்மன்ஸ் போய் ஹிஸ்டரி ஸ்டேட்ஸை (எத்தனை படி அன்டூ பண்ணலாம்கிற கணக்கு) 50லிருந்து 10 ஆக்குங்க. காசு போடறதா இருந்தா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கை விட வேகமான டிஸ்க்) தான் முதல்ல. ரேம் சில லேப்டாப்ல போர்டோடயே ஒட்டியிருக்கும், பார்த்துட்டு வாங்குங்க.

கேட்டவர்:
72க்கு மாத்தினேன், ஓடுது. போன் நம்பர் வரி மட்டும் ஓரம் பிசிறடிக்குது.

பதில் 1:
100 டிபிஐ வைங்க, லேயருக்கு 276 எம்பி, தாங்கும். எழுத்தை ராஸ்டரைஸ் பண்ணாம (பிக்சலா மாத்தாம) பிடிஎஃப்பா சேவ் பண்ணிக் கொடுங்க. ஜேபெக் வேண்டாம்.