கல்யாணத்துக்குப் பையனைக் கூட்டிப் போகலாமா? (ஆட்டிசம், 5 வயது)

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இந்தப் பெற்றோர் குழுவில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன்.

ஊர் ஸ்ரீரங்கம். மகனுக்கு 5 வயது. மூன்று வயதில் அரசு மருத்துவமனையில் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார்கள். ஆட்டிசம் எந்த அளவு என்று பார்க்கும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவீட்டில் 112, நடுத்தர நிலை. வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிறோம்.

அவன் பேசுவதே இல்லை என்று சொல்ல முடியாது. எங்கள் வீடு வரைக்கும் ரயில் நிலையத்து ஒலிபெருக்கி கேட்கும். வெளியே போக வேண்டும் என்றால் செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பான். அந்த அம்மாவின் குரல் அப்படியே வரும். "அம்மா, வா" என்று இதுவரை சொன்னதில்லை. ஆனால் அந்த வரியைச் சொன்னால் அவன் என்னைத்தான் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியும்.

இப்போது விஷயம். வைகாசியில் நாத்தனார் கல்யாணம், கும்பகோணத்தில். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்று அத்தை (என் மாமியார்) சொன்னார்கள், "அவனை உங்க அம்மா வீட்டுல விட்டுட்டு வாயேன்மா. சம்பந்தி வீட்டுக்காரங்க எதாவது கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?" அத்தை கெட்டவர் இல்லை. அவன் பேசட்டும் என்று தினம் நாக்கில் வசம்பு தடவியவர், எத்தனையோ கோயிலுக்கு வேண்டிக்கொண்டவர்.

போன வருடம் ஒரு வளைகாப்பில் யாரோ மைக்கை ஆன் செய்ததும் கீச்சென்று சத்தம் வந்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அழுதான். உறவுக்கார அம்மா ஒருவர், "வேலைக்குப் போற பொண்ணுங்க போனைக் கையில குடுத்து வளத்தா இப்படித்தான்" என்றார். பட்டுப்புடவையோடு ஒரு மணி நேரம் ரோட்டில் அவனைத் தூக்கிக்கொண்டு நின்றேன். என் கணவர் நல்லவர், ஆனால் இந்த மாதிரி நேரத்தில் வாயே திறக்க மாட்டார்.

கூட்டிப் போகலாமா, வேண்டாமா? போனால் கேட்கிறவர்களிடம் என்ன சொல்வது? கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும் என்பதும் எனக்கு முக்கியம்.

கோவை அக்கா:

கூட்டிட்டுப் போங்க கண்ணு. எம்பையனுக்கு இப்ப 19 வயசு. அவனுக்கு நாலு வயசுல இருந்து பதினொண்ணு வரைக்கும் ஒரு விசேஷத்துக்கும் கூட்டிட்டுப் போகல. ஒண்ணு நான் போவேன், இல்லீன்னா அவங்கப்பா போவாரு. ரெண்டு பேரும் சேந்து ஒரு பந்தியில உக்காந்து சாப்பிட்டு ஏழு வருசம் ஆயிருந்தது. அதைவிடப் பெரிய நட்டம் ஒண்ணு இருக்குதுங்க. என் தங்கச்சி புள்ளைங்களுக்கு இவன் யாருன்னே தெரியாமப் போச்சு. நாளைக்கு நாங்க இல்லாதப்ப இவனை எட்டிப் பாக்கவேண்டிய ஆளுங்க அவங்கதானே. பதினெட்டு ஆனதும், அவனுக்குச் சட்டப்படி நாங்களே காப்பாளரா இருக்கறதுக்குக் கலெக்டர் தலைமையில இருக்கற கமிட்டியில மனு குடுத்தோம். எங்களுக்கு அப்புறம் யாருன்னு ஒருத்தரை யோசிச்சு வைங்கன்னாங்க. சொல்றதுக்கு ஒரு பேருமே வாயில வரலீங்க.

அதனால நான் பட்டதை வெச்சுச் சொல்றேன்.

மண்டபத்தை முந்தின நாள் சாயங்காலம், கூட்டம் வர்றதுக்கு முன்னாடி காட்டுங்க. மேடை எங்க, பாத்ரூம் எங்க, பந்தி எங்கன்னு அவனே நடந்து பாக்கட்டும். அங்கயே போட்டோ எடுத்து, ராத்திரி வரிசையாக் காட்டுங்க. முதல்ல மேளம், அப்புறம் சாப்பாடு, அப்புறம் காரு.

நாதஸ்வரத்தை இன்னைக்கே போன்ல ரொம்பச் சின்னச் சத்தத்துல போட ஆரம்பிங்க. காதுக்குப் போடற ஹெட்போனையும் இன்னைக்கே. அன்னைக்குக் காலையில புதுசா மாட்டினா பிச்சு எறிஞ்சிருவான். புது பட்டுச் சட்டை வேண்டாங்க. ஜரிகை குத்தும். நாலு தடவ துவைச்ச காட்டன் போதும்.

சாப்பாடு கையோட எடுத்துட்டுப் போங்க. இலையில பதினஞ்சு அயிட்டம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கறது எம்பையனுக்கு இன்னைக்கும் ஆகாது. அவன் தட்டு, அவன் தயிர்சாதம். யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க.

ஒண்ணே ஒண்ணு ரொம்ப முக்கியம். கும்பகோணம்னா பக்கத்துல குளம் இருக்கும், ஆறு இருக்கும். நம்ம புள்ளைங்க பல பேருக்குத் தண்ணின்னா உசுரு, ஆபத்து தெரியாது. மண்டபத்துக்கு எத்தனை வாசல்னு பாத்து வைங்க. கையில போன் நம்பரைப் பேனாவுல எழுதுங்க. "எல்லாரும் பாத்துக்கறோம்"னு சொன்னா யாருமே பாக்கறதில்லீங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர்னு பேர் சொல்லி ஒப்படைங்க. முதல் ஒரு மணி நேரம் உங்க வீட்டுக்காரருக்குத்தான்.

மூன்றாம் நடைமேடை:

என் மகளுக்கு 7 வயது. நான் முழுக் கல்யாணத்துக்கும் கூட்டிப் போக மாட்டேன். வரவேற்பில் ஆர்க்கெஸ்ட்ரா, ஸ்பீக்கர், போட்டோ வெளிச்சம், அது எங்களுக்கு ஒத்துவரவே இல்லை. முகூர்த்தத்துக்கு மட்டும் போவோம், முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். இரண்டு மணி நேரம் மட்டும் போனாலும் போனதாகத்தான் கணக்கு.

பேச்சுப் பயிற்சியாளர், மதுரை:

உங்கள் மகன் சொல்லும் ரயில் அறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இதை எதிரொலிப் பேச்சு என்போம். அர்த்தமில்லாமல் திருப்பிச் சொல்கிறான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அறிவிப்பு வந்தால் அடுத்து ஒரு புறப்பாடு உண்டு என்பதை அவன் கவனித்திருக்கிறான். அந்த முழு வரியும் அவனுக்கு ஒரே சொல். அதைத் தடுக்காதீர்கள். உடனே பதில் கொடுங்கள், அதோடு அவன் சொல்லவேண்டிய வரியை அவன் இடத்தில் நின்று சொல்லுங்கள்: "வெளிய போகணும்." "வெளிய போகணுமா?" என்று நீங்கள் கேட்டால் அந்தக் கேள்வியையே அவன் எடுத்துக்கொள்வான். வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பாட்டியோடு பேசும் மொழியை அவனிடமிருந்து எடுக்க எந்தக் காரணமும் இல்லை. படங்களைத் தொட்டால் குரல் வரும் செயலிகள் தமிழிலும் உண்டு, சென்னையில் உருவான ஆவாஸ் அப்படி ஒன்று. கருவி கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயமும் வேண்டாம்.

அந்த உறவுக்காரர் சொன்னது உங்களை இன்னும் குத்துகிறது என்று தெரிகிறது. 1943இல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதன்பின் இருபது வருடத்துக்கு மருத்துவர்களே தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று பேசினார்கள். 1964இல் அதை எதிர்த்து எழுதியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. 1977இல் இரட்டையர்களிடம் நடந்த ஆய்வு, மரபணுவின் பங்கு பெரியது என்று காட்டியது. போனும் காரணம் இல்லை, உங்கள் வேலையும் காரணம் இல்லை. இதை அந்த அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் கணவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இரவுவானம்:

எனக்கு 31 வயது. ஆட்டிசம் என்று 27 வயதில்தான் தெரிந்தது. கல்யாண மண்டபம் எப்படி இருக்கும் என்று உள்ளேயிருந்து சொல்கிறேன்.

நாதஸ்வரம் எனக்குப் பிடிக்கும். கெட்டிமேளம் பிடிக்காது என்று சொன்னால் சரியாகாது, வலிக்கும். பல் டாக்டரின் கருவி நரம்பில் பட்டால் எப்படி இருக்குமோ அப்படி. கூடவே மல்லிகை, சந்தனம், சாம்பார், புகை எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வரும். எதையும் பின்னால் தள்ள முடியாது. அதன் நடுவில் ஒருவர் கன்னத்தைக் கிள்ளி "நான் யாரு சொல்லு?" என்பார். என்னால் கண்ணைப் பார்த்துக்கொண்டு காதால் கேட்க முடியாது, ஏதாவது ஒன்றுதான். சின்ன வயதில் இதற்கெல்லாம் அடி வாங்கியிருக்கிறேன்.

அவன் தன் கைகளைப் படபடவென்று உதறிக்கொண்டிருந்தால் தடுக்காதீர்கள். அது அவன் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் வழி. கெட்டிமேளத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வெளியே கூட்டிப் போய்விடுங்கள். அழ ஆரம்பித்த பிறகு போனால் தாமதம்.

அவனைப் பற்றி அவன் எதிரில் பேசும்போது கவனமாகப் பேசுங்கள். எனக்கு நான்கு வயதில் கேட்டதெல்லாம் இன்றும் ஞாபகம் இருக்கிறது. பதில் சொல்லத்தான் வரவில்லை.

காவிரிக்கரை (24 நாள் கழித்து):

போய்விட்டு வந்தோம். நான்கு பேருக்கும் நன்றி. இரவுவானம் எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் அவரே கடைக்குப் போய் ஹெட்போன் வாங்கி வந்தார்.

முந்தின நாள் நான்கு மணிக்கு மண்டபத்தைக் காட்டினோம். மேடையில் பூ கட்டுகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். அவன் எதையும் பார்க்கவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு ஃபேனுக்கும் கீழே நின்று நின்று மொத்தம் 28. அன்றைக்கே அந்த மண்டபம் அவனுடையது ஆகிவிட்டது.

கேட்கிறவர்களுக்குச் சொல்ல மூன்று வரி தயார் செய்திருந்தேன். "இவனுக்கு ஆட்டிசம். சத்தம் வலிக்கும். கூப்பிட்டுத் திரும்பலேன்னா கோவிச்சுக்காதீங்க." கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தும் சின்ன மாமனாரிடம் சொல்லும்போது குரல் நடுங்கியது. அவர், "அப்படியாம்மா" என்றார், அவ்வளவுதான். சம்பந்தி வீட்டில் ஒருவர் ஊரில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று ஆரம்பித்தார். என் கணவர் குறுக்கே வந்து, "வேண்டாங்க, அவனுக்கு என்ன தேவைன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார். எட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். தாலி கட்டும் நேரத்தில் நானும் அவனும் பந்தி ஹாலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் இருந்தோம். நாத்தனார் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. அது இன்னும் மனசில் இருக்கிறது. குடும்பப் போட்டோவில் அவன் நிற்கவில்லை. ஒரு தடவை சந்தனக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டான்.

சாப்பாடு முடிந்து பெரியவர்கள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி அவன் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவன் போய் என் அத்தை பக்கத்தில் நின்றான். அவர்கள் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றான். சம்பந்தியம்மா சிரித்துவிட்டு, "என்ன சொல்றான் குழந்தை?" என்று கேட்டார்.

அத்தை எழுந்துகொண்டார்கள். "வெளிய போகணுங்கறான்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவனைக் கூட்டிப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ரோட்டோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் மடியில் இருந்தான். போகிற ஒவ்வொரு பஸ்ஸின் பெயர்ப்பலகையையும் அத்தை படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.