விடுமுறை முடிந்து வந்த பிறகு தோலில் தெரிந்தது: உங்களுக்கு நடந்ததா?

நிழல்தேடி

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது நடந்தது. கடலோரத்தில் திறந்தவெளியில் மேசை போட்ட சாதாரண உணவகம், உச்சி வெயில். தட்டோரம் வைத்திருந்த எலுமிச்சைத் துண்டுகளை எல்லோருக்கும் நானே பிழிந்தேன். சாறு விரலிடுக்கில் இறங்கி மணிக்கட்டைத் தாண்டி வழிந்தது. காகிதத்தில் துடைத்துக்கொண்டு அப்படியே மணலில் போய் உட்கார்ந்துவிட்டோம்.

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இரவு எரிச்சல். அதற்கடுத்த நாள் விமானம் ஏறும்போது, சாறு எந்த வழியாக வழிந்ததோ அதே வழியில் கருஞ்சிவப்புக் கோடுகள், நடுவில் நீர் கோத்த கொப்புளங்கள்.

நான் எழுத வந்தது இதை அல்ல. பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மா. நடுவில் இருக்கும் கைப்பிடியில் என் கை இருந்தது. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஈரக் காகிதம் எடுத்துக் கைப்பிடியைத் துடைத்தார், சால்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு வேறு இருக்கை கேட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. ‘அம்மா, இது ஒட்டாது’ என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் ஒட்டுமா ஒட்டாதா என்று அப்போது எனக்கே தெரியாது. மூன்று மணி நேரம் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டே வந்தேன்.

தோல் மருத்துவர் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “வெயிலில் உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்தீர்களா?”

இது வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

ஈரக்காற்று

தோழி, நடந்திருக்கிறது. எனக்கு இல்லை, என் மகளுக்கு. நான்கு வயது.

நீச்சல் குளத்துப் பக்கம் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கலக்கிக்கொண்டிருந்தேன். ஈரத் தரையில் ஓடி வந்தவள் வழுக்கினாள். கையைத் துடைக்கக்கூட நேரமில்லை, எட்டி மேல்கையைப் பிடித்து நிறுத்தினேன். விழவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி ஓடினாள். வெயிலில் சாயங்காலம் வரை விளையாடினாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து ஆசிரியை கூப்பிட்டார். ‘நேரில் வாருங்கள்’ என்று மட்டும் சொன்னார். போனால், அவள் கையில் நான்கு விரலும் ஒரு பெருவிரலும் பழுப்பாகப் பதிந்திருக்கின்றன. காலையில் முழுக்கைச் சட்டை போட்டுவிட்ட அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. “வீட்டில் ஏதாவது பிரச்சினையா?” என்று மெதுவாகக் கேட்டார். எனக்குக் காது அடைத்துப் போனது.

அன்றைக்கு இரவு என் கணவர் வந்ததும் சட்டையை மடித்துக் காட்டினேன். அவர் தடத்தைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். ஒரே ஒரு நொடி. அதுதான் இன்னும் போகவில்லை.

மறுநாள் மருத்துவர் என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி அந்தத் தடத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவ்வளவு அழுத்தியா பிடித்தேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவர் தடத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “அன்றைக்கு உங்கள் கையில் என்ன இருந்தது?” என்று கேட்டார். சொன்னேன். ஒரு சீட்டில் ‘ஃபைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ்’ என்று எழுதிக் கொடுத்தார், சில தாவரச் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் வரும் புண். எலுமிச்சைச் சாற்றால் வந்த தடம், நீலம் பாய்ந்த அடி மாதிரி நிறம் மாறிப் பச்சையாகி மறையாது, பழுப்பாகவே நிற்கும் என்றார். இப்படிக் கைத்தடத்தோடு வந்த குழந்தைகளை அடிபட்டவர்கள் என்று நினைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களிலேயே வந்திருக்கின்றனவாம்.

ஆசிரியை கேட்டது சரிதான். அவர் கேட்டிருக்காவிட்டால்தான் தப்பு.

ஜன்னலோரம்

இருவரும் மன்னிக்க வேண்டும். எலுமிச்சையின் மேல் மட்டும் பழியைப் போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வேலை செய்தது வெயில். சன்ஸ்கிரீன் ஒழுங்காகப் பூசியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

எனக்கு நடந்தது: ஏழு மணி நேரப் பேருந்துப் பயணம், ஜன்னல் இருக்கை, கண்ணாடி முழுக்க மூடியிருந்தது, உள்ளே குளிர்சாதனம். வெயில் சுடவே இல்லை, அதனால் எதுவும் பூசவில்லை. மறுநாள் குழுப்படத்தில் என் முகம் நடுவில் கோடு கிழித்த மாதிரி இரண்டு நிறம். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதிலிருந்து நான் தெரிந்துகொண்டதைச் சொல்லியே ஆக வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிரில் நம் தோலுக்கு வந்து சேருபவை யூவிஏ, யூவிபி என்று இரண்டு வகை. சாதாரணக் கண்ணாடி யூவிபி கதிரைத் தடுத்துவிடும், யூவிஏ கதிரில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். தோலைச் சிவக்க வைத்து எச்சரிப்பது பெரும்பாலும் யூவிபி. அது வராததால் தோல் சிவக்காது, நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் தடித்துச் சுருங்கித் தொங்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து நான் ஜன்னல் இருக்கை என்றால் பூசாமல் உட்காருவதில்லை.

சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் என்ற பாதுகாப்பு எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 30 என்றால் யூவிபியில் 97 சதவீதத்தையும், 50 என்றால் 98 சதவீதத்தையும் தடுக்கும், வித்தியாசம் அவ்வளவே. அந்த எண்ணும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த எண். நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி, குளித்தாலோ துடைத்தாலோ உடனே மறுபடி. டப்பாவில் ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று இல்லாவிட்டால் யூவிஏவுக்கு அது போதாது. காதும் கழுத்தின் பின்பக்கமும் மறக்கிற இடங்கள். மலைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனம்: ஆயிரம் மீட்டர் ஏற ஏற புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், புதுப் பனி இருந்தால் கீழேயிருந்தும் திரும்பி அடிக்கும். குழந்தைக்கு நீளக்கை நீச்சலுடை வாங்குங்கள்.

நிழல்தேடி

ஜன்னலோரம், அக்கறைக்கு நன்றி. ஆனால் நான் பூசியிருந்தேன், காலையில் ஒருமுறை, சாப்பிடப் போகுமுன் ஒருமுறை. சாறு வழிந்த இடத்தைக் காகிதத்தால் துடைத்தபோது பூச்சும் போயிருக்கும், அது உண்மை. ஆனால் அதே கையில், கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி, அதே வெயில் பட்ட தோல் அப்படியே இருக்கிறது. வெயில் மட்டும் காரணம் என்றால் கோடு எப்படி வரும்? எலுமிச்சையில் இருக்கும் ஃபூரோகூமரின்கள் என்ற பொருள்கள் யூவிஏ படும்போது தோலைச் சுடுகின்றன. ஒன்றில்லாமல் மற்றொன்று செய்யாது. இது ஒவ்வாமையும் இல்லை, யாருக்கும் வரும். சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் தப்பித்திருப்பேன். பத்தடி தூரத்தில் குழாய் இருந்தது.

அத்திமரப் பாலிலும் செலரித் தண்டிலும் இதே பொருள் உண்டு என்றார் மருத்துவர், தோட்ட வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகல்நிலா

என்னுடையது வேறு மாதிரி. கழுவியும் போகாது.

அலுவலக நண்பர்களோடு மூன்று நாள் சுற்றுலா. பகல் முழுக்கக் காற்றிலும் வெயிலிலும் அலைந்துவிட்டு, இரவு ஒரு சின்ன உணவகத்தில் சூப் வந்தது, ஆவி பறக்க. இரண்டு கரண்டிதான். கன்னமும் மூக்கும் நெருப்பாகச் சிவந்தன, எனக்கே சூடு தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டு வந்திருக்கீங்க போல” என்றார். மேசையே சிரித்தது. நான் குடிப்பதில்லை. என் அப்பா குடித்துக் குடித்தே போனார், அதனால் தொட்டதில்லை. அதை அந்த மேசையில் சொல்ல முடியுமா? நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்றைக்கும் என்மேல் கோபமாக வருகிறது.

ரோசேசியா என்று பெயர், முகம் அடிக்கடி சிவந்துபோகும் தோல் நோய். சூடான பானம், காரம், வெயில், காற்று, பதற்றம் எல்லாமே கிளப்பிவிடும். மது கிளப்பும் என்பதால் முகம் சிவந்தவரெல்லாம் குடித்தவர் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. பெயர் தெரிந்ததே நாற்பது வயதுக்கு மேல்தான்.

ஜன்னலோரம்

பகல்நிலா, காரத்தைக் குறைத்துச் சூப்பை ஆறவைத்துக் குடித்துப் பாருங்கள். தினமும் சன்ஸ்கிரீன் அவசியம், துத்தநாக ஆக்சைடு இருப்பது பெரும்பாலும் எரியாது. முகத்தை வெந்நீரில் கழுவாதீர்கள். உரசித் தேய்க்கும் ஸ்க்ரப் எதுவும் வேண்டாம். வாசனை சேர்த்த க்ரீமும் வேண்டாம். எதனால் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பகல்நிலா

நன்றி நண்பரே. எல்லாம் செய்கிறேன். நான் கேட்டது அந்த மேசையைப் பற்றி.

மணல்வீடு

பகல்நிலா சொன்ன மேசை எனக்கு ஒரு விடுதியின் வரவேற்பறை.

அறையைக் காலி செய்து சாவி கொடுக்கும் நேரம். வரிசையில் பின்னால் ஆறேழு பேர். மேலாளர் ஒரு நீலத் துண்டைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். இரண்டு பெரிய வெளிறிய திட்டு, ஓரம் ஆரஞ்சு நிறம். “என்ன ஊற்றினீர்கள்?” என்றார். ஒன்றும் ஊற்றவில்லை என்று சத்தியம் செய்தேன். துண்டுக்குப் பணம் கட்டச் சொன்னார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. பதினாறு வயது மகன் பக்கத்தில் நின்றான், தலையைக் குனிந்துகொண்டு. கோபத்தில் காரில் ஏறிய பிறகு அவனையும் திட்டினேன், ‘நீதான் எதையோ கொட்டியிருப்பாய்’ என்று.

வீட்டுக்கு வந்து அவன் தலையணை உறையைப் பார்த்தேன். அதே திட்டு, அதே ஆரஞ்சு. முகப்பருவுக்கு இரவில் பூசும் க்ரீமில் பென்சாயில் பெராக்சைடு இருக்கிறது. துணிச் சாயத்தை வெளுக்கும் பொருள் அது. காலையில் முகம் கழுவித் துடைத்தபோதுகூட மிச்சம் இருந்தது போதும். குழந்தை எதையும் கொட்டவில்லை. முகத்தைத் துடைத்தான், அவ்வளவுதான். மேலாளர் தப்பு செய்யவில்லை, நானும் பொய் சொல்லவில்லை, நடுவில் திட்டு வாங்கியது அவன். பரு வந்த முகத்தோடு ஏற்கெனவே நிமிர்ந்து நடக்காத பிள்ளை.

மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லம்மா” என்றான். இப்போது பயணம் போனால் வெள்ளைத் துண்டு ஒன்று எடுத்துக்கொண்டு போகிறோம்.

தூரப்பயணி

சுருக்கமாக. எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோய்க்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பு, பெரிய டியூப், அடியில் கொஞ்சம்தான் மிச்சம். விமானத்துக்குள் கொண்டுபோகும் கைப்பையில் வைத்துவிட்டேன். திரவமோ களிம்போ 100 மில்லிக்கு மேல் கூடாது என்று 2006-இல் வந்த விதி பல விமான நிலையங்களில் உண்டு, அது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை, டியூப்பின் அளவைப் பார்க்கிறது. அதிகாரி அதைத் தொட்டியில் போட்ட ‘தொப்’ சத்தம் இன்னும் கேட்கிறது. நான்கு நாள், முழங்கை மடிப்பு ரத்தம் வரும்வரை சொறிந்துகொண்டே ஊர் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மருந்துக்குப் பெரும்பாலான இடங்களில் விலக்கு உண்டு, சீட்டு கையில் இருக்க வேண்டும். என் சீட்டு வீட்டில் இருந்தது.

ஈரக்காற்று, குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கிறது? அப்புறம், கணவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டீர்களா? பேசிவிடுவது நல்லது. இப்படிப்பட்டதை உள்ளே வைத்துக்கொண்டால் வேறொரு நாள் வேறொரு சண்டையில் வெளியே வரும்.

ஈரக்காற்று

கேட்டதற்கு நன்றி. பத்து வாரம் ஆகிறது. விரல்கள் நான்கும் போய்விட்டன. பெருவிரல் இருந்த இடம் மட்டும் தேநீர் சிந்தின மாதிரி மங்கலாக இருக்கிறது, வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வலி இல்லை. அவளுக்கு நினைவுகூட இல்லை.

மருத்துவர் எழுதிய சீட்டை அன்றைக்கே பள்ளியில் கொடுத்தேன், ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் அதன் நகலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். என் கணவர் இரண்டு முறை படித்தார். ‘சரி’ என்றார். அந்த நொடியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று வீட்டில் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை காலைக் கட்டிக்கொண்டு தூக்கச் சொன்னாள். நான் சோப்பை எடுப்பதற்குள் அவர் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு, குழாயை எனக்காகத் திறந்துவிட்டுப் போனார்.