மகளின் இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் எப்போதும் பகிரச் சொல்லலாமா?

கேள்வி – வலங்கைமான் வாசகர்

வணக்கம். தஞ்சாவூரில் முதலாண்டு பயிலும் என் மகள் கும்பகோணத்தில் பேருந்து மாறி நாள்தோறும் போய்வருகிறாள். காலையில் புறப்பட்டதும் எங்கள் குடும்பக் குழுவில் எட்டு மணி நேரத்துக்கு லைவ் லொகேஷனைப் போடுமாறு சொல்லியிருக்கிறேன். மாலையில் வீடு திரும்புவதற்குள் அது முடிந்துவிடுகிறது. சென்ற வாரம் அவள் மறுபடி போட்ட பின், பாபநாசத்துக்கு அருகே வயல் நடுவில் வரைபடத்தில் அவளைக் காட்டும் வட்டம் நாற்பது நிமிடம் அசையாமல் நின்றது. பதறிப்போய் வண்டியில் கிளம்பி நான் பாதி வழி போன பிறகுதான், கும்பகோணம் பேருந்து நிலையத்திலிருந்து அவள் அழைத்தாள். நாள் முழுதும் காட்டும் வேறு செயலி ஏதேனும் உண்டா?

பதில் 1

ஐயா, நின்றது பேருந்து அல்ல, தகவல்தான். கைபேசி செயற்கைக்கோள்களைக் கொண்டு தன் இடத்தை அறிவதற்கு டேட்டா தேவையில்லை என்றாலும், அறிந்ததை உங்களுக்கு அனுப்ப டேட்டா வேண்டும். சிக்னல் விட்டாலோ, பேட்டரி சேமிப்பு முறை செயலியை உறங்க வைத்தாலோ, கடைசியாக வந்த இடமே திரையில் நிற்கும். வட்டத்தைப் பார்க்கும் முன், அது எத்தனை நிமிடத்துக்கு முன்பு புதுப்பிக்கப்பட்டது என்று பெயருக்குக் கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள். வயல் நடுவில் காட்டியதும் வியப்பில்லை. செயற்கைக்கோள் சரியாகக் கிடைக்காதபோது கைபேசிக் கோபுரத்தை வைத்துக் கணிப்பதால், கிராமப்புறத்தில் கிலோமீட்டர் கணக்கில்கூடப் பிசகும்.

பதில் 2

எனக்கு உறுத்துவது அந்தக் குடும்பக் குழு. குழுவில் பகிர்ந்தால் அதிலுள்ள அத்தனை பேருக்கும் தெரியும். சிங்கப்பூர்ச் சித்தப்பாவுக்கும், கல்யாணத்துக்காகச் சேர்த்துப் பின் நீக்க மறந்த சமையல்காரருக்கும் சேர்த்துத்தான். வாட்ஸ்அப்பில் பதினைந்து நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று மூன்றே அளவுகள் இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். தானாக முடிவதுதான் அதன் நன்மை. ஒரு நாள் புள்ளியால் பெரிதாக ஒன்றும் ஆகாது; பல நாள் புள்ளிகள் சேர்ந்தால் வழக்கம் வெளிப்பட்டுவிடும். ஓட்டப்பயிற்சிக்கான ஸ்ட்ராவா செயலி, அதைப் பயன்படுத்துவோர் ஓடிய தடங்களைச் சேர்த்து வெளியிட்ட வரைபடத்தில் வெளிநாட்டு இராணுவ முகாம்களின் உருவம் தெரிந்தது 2018 ஜனவரியில் கவனத்துக்கு வந்தது நினைவிருக்கலாம். அவள் ஸ்நாப்சாட் வைத்திருந்தால், 2017 முதல் அதிலுள்ள வரைபடத்தில் யார் யார் அவளைப் பார்க்க முடிகிறது என்பதையும் அவளையே பார்க்கச் சொல்லுங்கள். இடத்தை மறைக்கும் கோஸ்ட் மோடில் வைத்தால் எவருக்கும் தெரியாது.

பதில் 3

நானும் மன்னார்குடியிலிருந்து போய்வரும் மாணவிதான். எங்கள் அப்பாவும் கேட்டார். பேருந்தில் ஏறியதும் அவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் போடுகிறேன், இறங்கியதும் நிறுத்துகிறேன். பகலில் நூலகத்தில் இருக்கிறேனா, தோழியோடு பெரிய கோயில் புல்வெளியில் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் கைபேசியைத் தோழியிடம் கொடுத்துவிட்டுப் போகத் தோன்றும். எங்கள் வகுப்பில் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அன்று அவள் கைபேசியில் பேட்டரி சேமிப்பு முறைதான் இருந்திருக்கிறது. குழுவில் போடுவதை நிறுத்திவிட்டோம். இனி மாலைப் பேருந்தில் ஏறியதும் எனக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும் ஒரு மணி நேரம் போடுவாள், கும்பகோணத்தில் மாறும்போது மறுபடி. அதற்கு அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்: இரவில் மடை திறக்க நான் தனியே வயலுக்குப் போகும்போதெல்லாம் என்னுடையதை அவளுக்குப் போட வேண்டுமாம். நேற்று இரவு ஒன்றரை மணிக்குப் போட்டேன். வரப்பில் பாதி தூரம் போவதற்குள், ஏன் வாய்க்காலிலேயே நிற்கிறீர்கள் என்று அழைத்துவிட்டாள்.