டிவியில் பாடம் பார்க்க, பிரௌசர் உள்ள கேம் கன்சோல் - உதவி தேவை

காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பாடங்கள் லிங்க்காக வருகின்றன. போனில் ஆவர்த்தன அட்டவணையை விரலால் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்திப் படிக்கிறாள். பார்க்க மனசு கேட்கவில்லை. லேப்டாப்புக்கு இப்போது வழியில்லை.

டிவி 2014-இல் வாங்கியது, ஸ்மார்ட் டிவி இல்லை. அதில் மாட்டியிருப்பது தம்பி தந்த பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோல். யூடியூப் வருகிறது, ஆனால் முகவரி அடித்துத் திறக்க பிரௌசர் செயலி இல்லை. பிஎஸ்4-இல் இருந்தது. ஒரு வாரமாக செட்டிங்ஸ், ஸ்டோர் எல்லாம் தேடிவிட்டேன். அப்புறம் போனை டிவியில் இணைக்க ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். என் போனின் டைப்-சி வழியே படம் வராதாம். விளையாட்டுப் பெட்டிக்கு பிரௌசர் எதற்கு என்பார்கள், எங்கள் வீட்டுக்கு அதுதான் தேவை.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என்ற இன்னொரு கேம் கன்சோலில் எட்ஜ் பிரௌசர் உண்டு, மாற்றிக்கொள்ளத் தயார். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: தமிழ் பிடிஎஃப் பாடங்கள் அதில் எழுத்து உடையாமல் திறக்கின்றனவா?