ஃபேஸ் கலர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

டூல்ரூம்வாசி:
கணினி 3டி மாடலில் ஒவ்வொரு ஃபேஸுக்கும், அதாவது மேற்பரப்புக்கும், நிறம் பூசி வேலையைக் குறிப்போமே. எங்களிடம் சிவப்பு ஃபேஸ் என்றால் எச்7 (துல்லிய அளவுத் துளை), மஞ்சள் என்றால் வெறும் டிரில். எல்லா டூல்ரூம் சுவரிலும் இப்படி ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும்தானே. ஒரு மோல்டு பேஸ் பிளேட் (வார்ப்பு அச்சைத் தாங்கும் தகடு) வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போய்த் திரும்பி வந்தது. தகடுகளைச் சரியாகப் பொருத்தும் 10 மி.மீ. டவல் பின்னைத் துளையில் வைத்தேன். தட்டவே வேண்டியிருக்கவில்லை. தானாக உள்ளே விழுந்து, மறுபக்கம் வெளியே வந்து மேசையில் உருண்டது! எச்7-க்கு மொத்தமே 15 மைக்ரான்தான் இடம். ஜாப் ஒர்க் செய்தவர்கள் துளையைத் துல்லியமாக்கும் ரீமரே போடவில்லை. போய்ப் பார்த்தால் அவர்கள் திரையில் முழு பிளேட்டும் ஒரே சாம்பல். யாரோ ஸ்டெப் கோப்பை (மாடலை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் கோப்பு) நிறம் ஏற்காத பழைய ஏபி203 வகையில் சேமித்து அனுப்பியிருக்கிறார்கள். வடிவம் போய்ச் சேர்ந்தது, நிறம் போய்ச் சேரவில்லை.

டிராயிங்தான்_சாமி:
நிறம் போனதா பிரச்சினை? டாலரன்ஸை (அளவில் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதை) நிறத்தில் ஒளித்து வைத்ததுதான் பிரச்சினை சார். எனக்கு வந்த ஒரு மாடலில் சிவப்பு என்றால் ஈடிஎம் (மின்பொறியால் அரித்தெடுப்பது). அடுத்தவரிடம் சிவப்பு என்றால் தொடாதே.

கோர்_கேவிட்டி:
சாமி, பார்ட்டிங்கை (அச்சு இரண்டாகப் பிரியும் இடத்தை) டிராயிங்கில் எப்படிக் காட்டுவீர்கள்? கோர் (உள் அச்சு) பக்கம் பச்சை, கேவிட்டி (வெளி அச்சு) பக்கம் நீலம் என்று ஒவ்வொரு ஃபேஸாகப் பூசுவது என் வழக்கம். ஒரு மூடி மாடலில் எல்லாம் பூசிவிட்டுச் சுற்றிப் பார்த்தால், கிளிப்புக்கு அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு ஃபேஸ் சாம்பலாகவே நிற்கிறது. எந்தப் பக்கமும் சேராது. அண்டர்கட்! அச்சை நேராகத் திறந்தால் அங்கே சிக்கும், சாய்வாக நகர்ந்து விடுவிக்கும் லிஃப்டர் வைத்தே ஆகவேண்டும். கொட்டேஷனோ முந்தின நாளே போய்விட்டது.

அசெம்பிளி_அண்ணன்:
எங்கள் ஆபீசில் ஒருவர் ரிவியூவில் அழகாகத் தெரியட்டும் என்று அசெம்பிளியில் (பாகங்களை ஒன்றுசேர்த்த மாடலில்) நீலம் பூசிவிட்டார். சிவப்பு ஃபேஸ் ஒன்றும் தெரியவில்லை, கூட்டத்தில் ஒரே கூச்சல். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சாலிட்ஒர்க்ஸ் மென்பொருளில் ஃபேஸ் நிறம் ஃபீச்சர் (துளை போன்ற ஓர் அம்சம்) நிறத்தை மறைக்கும். ஃபீச்சர் பாடியை, பாடி பார்ட்டை. ஆனால் அசெம்பிளியில் காம்பொனென்டுக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் மூடிவிடும். அழியாது, அடியில் இருக்கும். அப்புறம், ஃபேஸ் பூசுவதைக் கடைசியில் வையுங்கள். பின்னால் ஃபில்லெட் (விளிம்பை உருட்டுவது) போட்டால் புதிதாக வரும் ஃபேஸுக்கு அந்த நிறம் வரும் என்று நம்ப முடியாது. ஸ்டெப் அனுப்பும்போது நிறம் ஏற்கும் ஏபி214 அல்லது 242. வெறும் வடிவம் மட்டும் போகும் எஸ்டிஎல் கோப்பு கேட்டால் நிறத்தை மறந்துவிடுங்கள். அனுப்பும் கோப்பை முதலில் நீங்களே திறந்து பாருங்கள் தம்பி.

டூல்ரூம்வாசி:
அண்ணே, அனுப்பியது நான் இல்லை. சாமி, டிராயிங்கும் கூடவே போனது. எச்7 என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. பிளேட்டோடு திரும்பி வந்தபோது கவர் ஒட்டியபடியே இருந்தது.