பொருள்: ‘ஹாஸ்டைல் மீடியா எஃபெக்ட்’ – ‘பகை ஊடக விளைவு’ பொருந்துமா?

நெய்தல் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க அரசியலும் செய்தி ஊடகமும் என்ற தலைப்பில் நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் இழுபறியாய் நிற்பது ‘ஹாஸ்டைல் மீடியா எஃபெக்ட்’. நடுநிலையான செய்தியையும் தன் தரப்புக்கு எதிரானதாக ஒருவர் காண்பதைக் குறிப்பது அது. வரைவில் ‘பகை ஊடக விளைவு’ என்று இருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே சிக்கல் தெரியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வலோன், ராஸ், லெப்பர் மூவரும் நடத்திய ஆய்வு 1985-ல் வெளியானது. 1982-ல் பெய்ரூட்டின் சப்ரா, ஷட்டிலா பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பிய செய்தித் துண்டுகளை 144 மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எல்லாரும் பார்த்தது ஒரே துண்டுகள். இஸ்ரேல் ஆதரவாளர்கள் செய்தி இஸ்ரேலுக்கு எதிராகத் திரிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். அரபு ஆதரவாளர்கள் அதே செய்தி இஸ்ரேலுக்குச் சாதகமாக இருக்கிறது என்றார்கள். நடுவில் நிற்பவர் ஒருவர் இதைப் பார்த்தால் நம் பக்கத்துக்கு எதிராகத் திரும்பிவிடுவார் என்ற அச்சம் இரு தரப்புக்கும் பொது. விவரம் அதிகம் தெரிந்தவர்கள்தாம் குற்றம் அதிகம் கண்டார்கள் என்பது கவனிக்க வேண்டியது. அறியாமையால் வரும் கோளாறு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

ஆக, ‘பகை’ இருப்பது பார்ப்பவர் கண்ணில். ‘பகை ஊடகம்’ என்று எழுதினால் தமிழில் அது பகைவருடைய ஊடகம், அல்லது பகைமை பாராட்டும் ஊடகம் என்றுதான் விரியும். அதோடு ‘விளைவு’ சேர்ந்தால் ‘அத்தகைய ஊடகம் மக்களிடம் உண்டாக்கும் பாதிப்பு’ என்று பொருள் நேர் எதிராகப் புரண்டுவிடுகிறது.

என் முன்மொழிவு: எதிர்ச்சாய்வுத் தோற்றம். தன் தரப்புக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகத் தோன்றுவது. ‘சார்பு’ என்று போடாமல் ‘சாய்வு’ என்று போட்டது வேண்டுமென்றேதான். ஆரக்கால் இதைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

– நெய்தல்

ஆரக்கால் எழுதியது:

சாய்வு சரி. ‘சார்பு’ ஏற்கெனவே சுமை தாங்காமல் தவிக்கிற சொல். கணக்கில் அது ‘ஃபங்ஷன்’, புள்ளியியலில் சார்ந்த மாறி, இயற்பியலில் சார்பியல். இதழியல் கட்டுரைகளில் ‘ஊடகச் சார்பு’ என்று வரும்போது மூன்று வேறு சங்கதிகள் ஒரே சாக்கில் அடைபடுகின்றன: நிறுவனம் எடுத்திருக்கும் நிலைப்பாடு, அச்சான செய்தியில் உள்ள கோணல், வாசகர் உணரும் கோணல். மூன்றையும் பிரித்துப் பெயரிடாவிட்டால் அமெரிக்க ஊடகம் பற்றிய ஒரு பத்தியைக்கூடக் குழப்பமில்லாமல் தமிழில் எழுத முடியாது.

இரண்டாவதுக்குச் சாய்வு பொருந்தக் காரணம், சாய்வுக்குத் திசையும் உண்டு, அளவும் உண்டு. ஆய்வாளர்கள் அதை அளக்கவே செய்கிறார்கள். ஜென்ட்ஸ்கோ, ஷாபிரோ இருவரும் 2010-ல் வெளியிட்ட முறை இது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் 2005-ஆம் ஆண்டு நடவடிக்கைக் குறிப்பை எடுத்து, குடியரசுக் கட்சியினர் வாயில் மிகுதியாக வரும் சொற்றொடர்களையும் ஜனநாயகக் கட்சியினர் வாயில் மிகுதியாக வருபவற்றையும் பொறுக்கினார்கள். செல்வர் ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற சொத்துக்கு விதிக்கும் வரி ஒரு தரப்புக்கு ‘மரண வரி’, மறு தரப்புக்கு ‘எஸ்டேட் வரி’. பிறகு நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் எந்தத் தொடர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, ஒவ்வோர் இதழுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணை இதழ் விற்கும் வட்டார வாசகர்களின் அரசியலோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துப்போகின்றன. உரிமையாளர் யார் என்பதைக் கொண்டு விளக்கக்கூடியது சொற்பம். முதலாளி சொல்வதுதான் செய்தி என்று அடித்துப் பேசுவோர் இதைப் படிக்க வேண்டும்.

முறையில் இடறும் இடங்களும் உண்டு. மேற்கோளுக்குள் வரும் தொடரை நிருபரின் சொல்லாக எண்ணிவிட்டால் கணக்குக் கெடும். செய்தி முகமையிடமிருந்து வாங்கிப் போட்ட செய்தியை இதழின் சொந்தச் செய்தியாகக் கொண்டாலும் அப்படியே. ஒரு தொடர் 2005-ல் ஒரு கட்சிக்கே உரியதாக இருந்து, சில ஆண்டுகளில் பொதுவழக்காகிவிடலாம். பழைய பட்டியலை வைத்துப் புதிய இதழை அளக்கக் கூடாது. எதைச் செய்தியாக்கவில்லை என்பதை இந்த முறை பிடிக்கவே பிடிக்காது.

இன்னொன்று. ‘விளைவு’ என்ற சொல்லை உண்மையான விளைவுக்கே மிச்சம் வைக்க வேண்டும். குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் கேபிள் செய்தி அலைவரிசையான ஃபாக்ஸ் நியூஸ் 1996 அக்டோபரில் தொடங்கியது. எல்லா ஊர்க் கேபிள்காரர்களும் உடனே அதைச் சேர்க்கவில்லை. அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி டெல்லாவீனா, கப்லான் இருவரும் 9,256 ஊர்களை ஒப்பிட்டார்கள். 2000-க்குள் அலைவரிசை வந்துவிட்ட ஊர்களில், 1996 தேர்தலை நோக்க, குடியரசுக் கட்சியின் வாக்கு விகிதம், அலைவரிசை வராத ஊர்களைவிட 0.4 முதல் 0.7 விழுக்காட்டுப் புள்ளிவரை கூடுதலாக உயர்ந்திருந்தது. இதுதான் ஊடக விளைவு. நெய்தல் சொல்வது அதன் மறுகோடி: இங்கே ஊடகம் ஒன்றும் செய்யாதபோதும் பார்ப்பவர் உணர்கிறார்.

– ஆரக்கால்

குன்றிமணி எழுதியது:

சாய்வுக்கு என் வாக்கு. ‘தோற்றத்துக்கு’ இல்லை.

‘தோற்றம்’ என்றவுடன் ‘பொய்த்தோற்றம்’ என்ற நிழலும் கூடவே வருகிறது. 1985 ஆய்வில் காட்டப்பட்டவை ஓரளவு நடுநிலையான செய்திகள் என்பதால் பரவாயில்லை. ஆனால் இந்தக் கருத்து பின்னால் விரிந்திருக்கிறது. செய்தி உண்மையிலேயே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்? அப்போது இரு தரப்பும் சாயும் திசையை ஒப்புக்கொள்கின்றன; எவ்வளவு என்பதில்தான் பிரிகின்றன. எதிர்த்தரப்பார் கூடுதலாகச் சொல்கிறார், ஆதரவாளர் குறைத்துச் சொல்கிறார். 2001 முதல் இதற்கு ‘ரிலேட்டிவ்’ (ஒப்புநிலை) என்ற அடைமொழி சேர்த்து வழங்குகிறார்கள். இரவு நேரக் கேபிள் விவாத நிகழ்ச்சிகளுக்குப் பொருந்துவது இந்த வகைதான். அங்கே சாய்வு இருப்பது எவருக்கும் மறைவில்லை. அதைப் போய்த் ‘தோற்றம்’ என்றால், ‘ஊடகம் எங்களுக்கு எதிரி’ என்று முறையிடும் வாக்காளரைப் பார்த்து ‘உமக்குப் பிரமை’ என்று சொல்வதாகிவிடும். கலைச்சொல்லே ஒரு தரப்பில் போய் உட்கார்ந்துகொள்ளக் கூடாது.

இத்தோடு பட்டியலில் அடுத்ததையும் பார்த்துவிடுவோம். ‘ஃபேர்னஸ் டாக்ட்ரின்’ என்பதற்கு ‘நியாயக் கோட்பாடு’ என்று இருக்கிறது. தத்துவம் படித்தவர் இந்தியத் தத்துவப் பிரிவான நியாய தரிசனம் என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவர் ‘சமநேர விதி’ என்று திருத்தியிருக்கிறார், அது தவறு. சமநேரம் என்பது 1934 தகவல்தொடர்புச் சட்டத்தின் 315-ஆம் பிரிவு. வேட்பாளருக்கு மட்டும் உரியது, இன்றும் நடப்பில் உள்ளது. 1949-ல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் வகுத்தது வேறு. உரிமம் பெற்ற வானொலியும் தொலைக்காட்சியும் பொதுமுக்கியத்துவம் வாய்ந்த சர்ச்சைகளைப் பேசியாக வேண்டும். பேசும்போது மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும். நிமிடக் கணக்கில் சமம் என்று அது சொல்லவில்லை. 1969-ல் ரெட் லயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. நாளிதழ்களுக்கு இதுபோன்ற கட்டாயம் கூடாது என்று 1974-ல் டோர்னில்லோ வழக்கில் தீர்ப்பு வந்தது. 1987-ல் விதியைச் சட்டமாக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் ரீகன் மறுதலித்தார். சில வாரங்களில் ஆணையமே விதியைக் கைவிட்டது. வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா நாடு தழுவிய வானொலிக்கு வந்தது மறு ஆண்டு ஆகஸ்டில்.

விதி போனதால்தான் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது என்று தமிழில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். கேபிள் அலைவரிசையை அந்த விதி கட்டுப்படுத்தியதில்லை. வானொலிப் பேச்சு நிகழ்ச்சிகளுக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும், அவ்வளவே. ‘மாற்றுக்கருத்து விதி’ என்று வைக்கலாமா?

– குன்றிமணி

நெய்தல் எழுதியது:

மாற்றுக்கருத்து விதி – உடன்பாடு.

தோற்றம் பற்றிய மறுப்பும் நியாயமானது. உளவியல் நூல்களில் வழங்கும் ‘புலக்காட்சி’யைச் சேர்த்து ‘எதிர்ச்சாய்வுப் புலக்காட்சி’ என்று போட்டுப் பார்த்தேன், பல்லில் மாட்டுகிறது. தவிர, தொலைக்காட்சி பற்றிய கட்டுரையில் ‘காட்சி’ வந்தால் திரையில் ஓடுவது என்றே படிப்பார்கள். ‘கணிப்பு’ என்றால் கருத்துக்கணிப்போடு போய்க் கலந்துவிடும். ‘உணர்வு’ வேண்டவே வேண்டாம். பட்டியலில் ‘அஃபெக்டிவ் போலரைசேஷன்’ இருக்கிறது. ‘உணர்வு’ அங்கே தேவைப்படும். அந்தக் கருத்தே கொள்கையில் விலகுவதைப் பற்றியதன்று, மறு கட்சிக்காரரை வெறுப்பதைப் பற்றியது. தன் பிள்ளை மறு கட்சிக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தால் வருந்துவோம் என்று 1960-ல் சொன்னவர்கள் இரு கட்சியிலும் ஏறக்குறைய 5 விழுக்காடு. 2010-ல் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப்பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றிலொருவர். அதற்கு ‘உணர்வுநிலைப் பிளவு’ என்று வைத்திருக்கிறேன்.

– நெய்தல்

வெள்ளெருக்கு எழுதியது:

‘குற்றம் காணல்’, ‘குறை காணல்’ என்று நம்மிடம் வழக்கு இருக்கிறதே. குற்றம் இருக்கிறதா இல்லையா என்று அந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை, காண்பவரைத்தான் சொல்கிறது. அதே அச்சில் ‘எதிர்ச்சாய்வு காணல்’. வினையாகவும் நடக்கும்: எதிர்ச்சாய்வு காண்கிறார்கள், எதிர்ச்சாய்வு கண்டவர், எதிர்ச்சாய்வு காணும் போக்கு. குன்றிமணி சொன்ன இரண்டாம் வகைக்கு ‘மிகைச்சாய்வு காணல்’, எதிர்த்தரப்பார் சாய்வைக் கூட்டிக் காண்பதால்.

– வெள்ளெருக்கு

ஆரக்கால் எழுதியது:

வெள்ளெருக்கு அவர்களே, முதல் சொல் அருமை. இரண்டாவது பாதியைத்தான் சொல்கிறது. ஆதரவாளர் குறைத்துக் காண்பதும் அதில் அடக்கம். ‘ஒப்புநிலை எதிர்ச்சாய்வு காணல்’ என்று நீளமாகவே இருக்கட்டும். ஆய்வேட்டுக்கு வெளியே யாரும் அதைச் சொல்லப்போவதில்லை.

சொல்லை ஒரு நிகழ்வில் ஓட்டிப் பார்த்துவிடுவோம். 2025 ஜனவரி 20 அன்று மெக்சிகோ வளைகுடாவை ‘அமெரிக்க வளைகுடா’ என்று பெயர் மாற்றும் ஆணையில் டிரம்ப் கையெழுத்திட்டார். அமெரிக்கப் பெருமையைப் போற்றும் பெயர்களை மீட்பது என்பதே ஆணையின் தலைப்பு. வளைகுடா பல நாடுகளுக்குப் பொது என்பதால் பழைய பெயரையே எழுதுவோம், புதிய பெயரையும் குறிப்பிடுவோம் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி முகமை தன் நடைவிதியில் அறிவித்தது. அதே ஆணையில் இருந்த தெனாலி மலைக்கு மட்டும், அது முழுக்க அமெரிக்க மண்ணில் இருப்பதால், மெக்கின்லி என்ற பெயரை ஏற்றது. பிப்ரவரியில் அதன் நிருபர்கள் அதிபர் அலுவலக நிகழ்ச்சிகளிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். ஏப்ரல் 8 அன்று மாவட்ட நீதிபதி முகமைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஜூன் 6 அன்று மேல்முறையீட்டு அமர்வு அதன் பெரும்பகுதியை நிறுத்திவைத்தது.

இங்கே சாய்வு, சார்பு, எதிர்ச்சாய்வு காணல் என்ற நம் மூன்று சொல்லும் தனித்தனியே நிற்கின்றன. முகமை எந்தப் பெயரை முதலில் எழுதுகிறது என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய சாய்வு. முகமை யார் பக்கம் என்பது சார்பு பற்றிய கேள்வி. வளைகுடாவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று பிரித்த விதியைப் பார்த்தால், இந்த ஒன்றை வைத்து அதற்கு விடை சொல்ல முடியாது. பழைய பெயரைப் படித்ததும் ‘நாட்டை அவமதிக்கிறார்கள்’ என்று கொதிப்பவர் எதிர்ச்சாய்வு காண்கிறார். நாட்டோடு ஒருவர் தன்னை எவ்வளவு இறுகப் பிணைத்துக்கொள்கிறாரோ அவ்வளவுக்கு இந்தக் காணல் மிகும் என்று எதிர்பார்க்கலாம்.

– ஆரக்கால்

குன்றிமணி எழுதியது:

அந்த இடத்தில் ‘தேசபக்தி’ என்று எவரும் எழுதிவிட வேண்டாம். கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 2001 முதல் கேட்டுவரும் கேள்வி பெருமிதம் பற்றியது. ‘அளவுகடந்த பெருமிதம்’ தொடங்கிப் ‘பெருமிதமே இல்லை’ வரை ஐந்து படிகள். 2025 ஜூனில் மேல் இரண்டு படிகளில் நின்றவர்கள் 58 விழுக்காடு. குடியரசுக் கட்சியினரில் 92, ஜனநாயகக் கட்சியினரில் 36. இதைத் தமிழில் ‘ஜனநாயகக் கட்சியினரில் 64 விழுக்காட்டினருக்கு நாட்டுப்பற்று இல்லை’ என்று எழுதினால் இரண்டு பிழை. மூன்றாம் படியில் ‘ஓரளவு பெருமிதம்’ என்றவர்கள் கணக்கில் காணாமல் போகிறார்கள். பெருமிதமும் பற்றும் ஒன்றாகிவிடுகின்றன. கொடிக்கு வணக்கம் செலுத்த மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943-லும், கொடியை எரிப்பதுகூடப் பேச்சுரிமை என்று 1989-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கிலும் தீர்ப்புச் சொன்னது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். பக்தி என்ற சொல் அந்த ஊர் வாதத்துக்குள் நுழைந்தால் ஒரு தரப்பின் குரல்தான் கேட்கும். பெருமிதத்துக்கு நாட்டுப் பெருமிதம், ‘பேட்ரியாட்டிசம்’ வந்தால் நாட்டுப்பற்று, ‘நேஷனலிசம்’ வந்தால் தேசியவாதம். மூன்றும் மூன்று.

‘எதிர்ச்சாய்வு காணல்’ எனக்கு முழுச் சம்மதம்.

– குன்றிமணி

நெய்தல் எழுதியது:

பட்டியலில் ஏற்றிவிட்டேன். ஊடகச் சார்பு நிறுவனத்துக்கு, செய்திச் சாய்வு எழுத்துக்கு, எதிர்ச்சாய்வு காணல் வாசகருக்கு. பழைய ‘பகை ஊடக விளைவு’ தேடுவோருக்காகக் ‘காண்க’ என்ற குறிப்போடு மட்டும் இருக்கும்.

அடுத்தது ‘பார்ட்டிசன் மீடியா’. ‘கட்சி ஊடகம்’ என்று வரைவில் உள்ளது. நம் வாசகருக்கு அப்படிச் சொன்னால் கட்சியே நடத்தும் தொலைக்காட்சிதான் கண்முன் வரும். ஃபாக்ஸையோ எம்எஸ்என்பிசியையோ (2025 நவம்பர் முதல் அதன் பெயர் எம்எஸ் நவ்) எந்தக் கட்சியும் நடத்தவில்லை. ‘அணிச்சார்பு ஊடகம்’ என்பதற்கு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ‘அணி’ என்பதில் கட்சியின் உட்பிரிவு என்ற வாடை வருகிறதோ என்று எனக்கே ஐயம்.

– நெய்தல்