தோழியோட ஒரு ஞாயிறு: எங்க போகலாம்?

மதுரை மக்களே, ஒரு யோசனை சொல்லுங்க. காலேஜ்ல என்கூடவே திரிஞ்சவ, ரொம்ப வருஷம் கழிச்சு கோயம்புத்தூர்லருந்து வர்றா. இடையில பேச்சுவார்த்தையே இல்லை. காரணம் ஒருத்தன். தனக்குக் கல்யாணமானதை மறைச்சு அவளோட பழகியிருக்கான். எங்களோட பேசவும் விடலை. அவ நகையை அடகு வச்சு வாங்குன காசோட போயிட்டான்.

தெப்பக்குளமும் ராஜாஜி பூங்காவும் வேண்டாம், அவனோட சுத்துன இடமாம். கோயில் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துல பேசவே முடியாது. நான் நினைச்சது கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்துல தாமரைக்குளம், ஆலமர நிழல், அய்யனார் கோயில்; செட்டிப்புடவு குகையில அசையாம உக்காந்திருக்கிற தீர்த்தங்கரர். மலை மேல இருக்கிற பேச்சிப்பள்ளம் வரை படியேற ரெண்டு பொம்பளைங்க தனியா போகலாமா? பெரியார் பஸ் ஸ்டாண்டுலருந்து காலையில பஸ் எப்ப? திரும்ப ஆட்டோ கிடைக்குமா? சாயங்காலம் திருமலை நாயக்கர் மகால்ல ஒலி-ஒளிக் காட்சி இப்ப நடக்குதா? ஜிகர்தண்டா எந்தக் கடைனு மட்டும் கேக்க மாட்டேன், அந்தச் சண்டை ஓயாது.

இன்னொண்ணு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவசமா வக்கீல் உதவி உண்டு, 15100ல கூப்பிடலாம். நேர்ல போன அக்கா யாராச்சும் இருந்தா, அடகு ரசீது, பணம் அனுப்புன விவரம் தவிர வேற என்ன கொண்டு போகணும்னு தனியா சொல்லுங்க. "அவ ஏன் நம்புனா"ங்கிறவங்க அப்படியே கடந்து போயிருங்க. சனிக்கிழமை ராத்திரி வந்துருவா, அதுக்குள்ள சொன்னா நல்லது.